மாத்தளைப் பிரபு குடும்பங்களின் காணி ஏடுகள்

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கைக்கு மாற்றிய ஒப்பந்தத்தின் கீழ்க் காணப்படும் பெயர்களை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். எகலப்பொல, ஊவாவின் திசாவையாகிய மொனரவில கெப்பெட்டிப்பொல, மாத்தளையின் திசாவையாகிய ரத்வத்தை என்னும் மூவரும் மாத்தளை மண்ணோடு குடிவழித் தொடர்புடையவர்கள். கையொப்பங்கள் சிலவற்றிலே தமிழ், கிரந்த எழுத்துக்கள் விரவியிருப்பதை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனை வைத்து நம்மவருட் சிலர் பெருமை பேசுவதும் வேறு சிலர் அதனை மறுத்துரைப்பதும் வழக்கம். அந்த வழக்கு இன்று நமக்கு வேண்டுவதில்லை. இத்தகைய குடும்பங்களின் கையிலிருந்த காணிகள் எவ்வாறு ஏடேறின, அவ்வேடுகள் பின்னர் யாருக்கு வாழ்வளித்தன, யாரைக் கைவிட்டன என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

கண்டி அரசிலே உத்தியோகத்தருக்குச் சம்பளமாகக் காசு கொடுக்கும் வழக்கம் இருந்ததில்லை. நிலமே சம்பளம். அரசனின் பண்டசாலைக்கு விளைவு சேர்ந்த ஊர்கள் கபடாகம் எனப்பட்டன. விகாரைக்கு விடப்பட்டவை விகாரகம். தேவாலயங்களுக்கு விடப்பட்டவை தேவாலகம். பிரதானிகளுக்கு விடப்பட்ட ஊர்களே நிந்தகம். நிந்தகத்திலும் இருவகை உண்டு. ஒருவகை, பதவி உள்ளவரையில் மட்டும் அனுபவிப்பதற்குரியது. திசாவை மாறினால் ஊரும் கைமாறும். மற்றது, அரசன் சன்னசு எழுதிக் கொடுத்துப் பரம்பரைக்கு விட்டது. ஒரு குடும்பத்தின் உண்மையான செல்வம் இந்த இரண்டாம் வகையே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நிந்தகம் என்றவுடன் இக்காலத்துப் பெருந்தோட்டத்தை மனத்திற் கொள்ளுதல் தகாது. ஊரின் நல்ல வயலிலே ஒரு பகுதி முத்தெட்டு எனப் பிரிக்கப்பட்டிருக்கும். அதன் விளைவு முழுவதும் பிரபுவைச் சேரும். எஞ்சிய வயல்களும் மேட்டு நிலமும் குடிகளுக்குப் பங்குகளாக வகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு பங்குக்காரன் முத்தெட்டை உழுது விதைத்துக் கொடுக்கவேண்டும். இன்னொருவன் மாளிகைக் கூரையை வேய வேண்டும். மூன்றாமவன் பல்லக்குச் சுமக்க வேண்டும். குயவனின் பங்கு சட்டி பானைக்கும், வண்ணானின் பங்கு வெளுப்புக்கும், கொல்லனின் பங்கு கத்தி கோடரிக்கும் உரியன. கடமையைச் செய்யுங்காறும் பரம்பரைப் பங்குக்காரனை நிலத்தைவிட்டு எழுப்பப் பிரபுவுக்கு உரிமை இல்லை. ஆகவே ஒரே வயலின்மீது அரசனுக்கும் பிரபுவுக்கும் குடிக்கும் வெவ்வேறு உரிமைகள் ஒருங்கே இருந்தன. இதனை மறந்தால் பின்னே வந்த குழப்பங்கள் ஒன்றும் விளங்கா.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பங்கு என்ற சொல்லைச் சிங்களவர் பங்குவ என்பர். விதைப்பு அளவைக்கு அமுணம் என்றும் குறுணி என்றும் நாம் வழங்கும் சொற்கள் அவர்களிடத்தும் உண்டு. பிரபுவின் மாளிகை வலவ்வ எனப்படும். யாழ்ப்பாணத்தார் வளவு என்று சொல்வது காதில் விழுகிறதல்லவா? ஓர் அமுணம் நான்கு பேலை. ஒரு பேலை பத்துக் குறுணி. இது நிலத்தின் நீள அகலத்தைக் குறிப்பதன்று. அந்த நிலத்தில் விதைக்க வேண்டிய நெல்லைக் குறிப்பது. மண்ணின் வளத்துக்கேற்ப அது கூடும், குறையும். பொதுவாக ஓர் அமுணத்தை இரண்டு முதல் இரண்டரை ஏக்கர் எனக் கணிப்பர். மேட்டு நிலத்துக்கோ இதைவிட விநோதமான அளவு ஒன்று இருந்தது. ஒருவன் உரக்கக் கூவினால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் ஒரு கூப்பிடு எனக் கொள்ளப்பட்டது. ஆங்கிலேய நில அளவையாளர் சங்கிலியுடன் வந்து நின்றபோது இந்தக் கூப்பிடு தூரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று திகைத்திருப்பர்!

இந்த ஏற்பாட்டை எழுதி வைத்த ஏடுகள் இரண்டு வகையின. முதலாவது லேகம் மிட்டி எனப்படும் ஓலைப் பதிவேடு. லேகம் என்பவர் அரச எழுத்தர். ஊர் ஊராக, வயல் வயலாக, பங்குக்காரன் பெயரும் விதைப்பளவும் அவனுடைய கடமையும் அவ்வோலைகளில் எழுதப்பட்டன. அரசனுக்கு வேண்டியிருந்தது யாருடைய நிலம் என்பதன்று. யாரிடமிருந்து என்ன வரவேண்டும் என்பதே. அதனால் இந்த ஏட்டிலே சிறு குடியானவனின் பெயருக்கும் இடமிருந்தது. இரண்டாவது வகை சன்னசு. இது அரசன் ஒருவருக்கு அளித்த நிலக்கொடைச் சாசனம். சிறப்பான கொடைகள் செப்பேட்டிலும் ஏனையவை தாளிப்பனை ஓலையிலும் எழுதப்பட்டன. முகப்பிலே அரசனின் ஒப்பமாகிய சிறீ என்னும் எழுத்து நிற்கும். ஆண்டு பெரும்பாலும் நாமும் அறிந்த சக ஆண்டாக இருக்கும். எல்லைகள் இந்தப் பாறை, அந்த ஓடை, கிழக்கே நிற்கும் இன்ன மரம் என்று கூறப்படும். மரம் பட்டுப்போனால் எல்லை எங்கே என்று கேட்பவனுக்கு ஊரிலே வயதானவர் ஒருவர் பதில் சொல்லவேண்டும். சன்னசிலே பிரபுவின் பெயர் உண்டு. குடியானவனின் பெயரைத் தேடிக் காண்பது அரிது. இந்த வேற்றுமையை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.

ஒப்பந்தம் எழுதி மூன்றாண்டு கழியுமுன்னரே அம்மூவரில் இருவரின் நிலை மாறிற்று. 1814இல் அரச ஆணையால் மனைவியையும் மக்களையும் கொலைக்களத்திற் பறிகொடுத்த எகலப்பொல, ஆங்கிலேயரை நாட்டுக்குள் அழைத்துவரத் துணைநின்றவர். பின்னர் அவர்களே அவரைச் சந்தேகித்து 1818இற் சிறைப்படுத்தினர். 1825இல் மொரிசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே உயிர்நீத்தார். அவருடைய மனைவியின் உடன்பிறந்தவரே கெப்பெட்டிப்பொல. ஊவாக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயரால் அனுப்பப்பட்டவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரிலே போகம்பறையில் அவருடைய தலை துணிக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தேசாதிபதி பிறவுன்றிக்கு வெளியிட்ட வர்த்தமானி, கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் எனச் சாற்றி அவர்களின் சொத்துக்களைப் பறிமுதல் செய்தது. அந்தத் துரோகிப் பட்டம் நீங்க 2016 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பொழுது சனாதிபதியின் பிரகடனத்தால் பத்தொன்பது தலைவர்கள் தேசிய வீரர்கள் ஆயினர். பெயர் திருந்த ஏறத்தாழ இருநூறு ஆண்டு! நிலம் அதற்குள் எத்தனை கை மாறியிருக்கும்!

1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் நெல்வயல்களுக்கு விளைவில் பத்திலொன்றை வரியாக விதித்தது. பதவியில் இருந்த பிரதானிகளின் நிலங்களுக்கு அவ்வரி இல்லை. அரசனுக்குச் செய்துவந்த இராசகாரிய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் கோயிற் காணிகளிலும் நிந்தகங்களிலும் குடிகள் செய்துவந்த ஊழியம் தொடர்ந்தது. அரசன் போனான், பிரபு போகவில்லை.

பெரும் இடி 1840இல் விழுந்தது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, ஆளற்ற நிலம் யாவும் மாறாக நிரூபிக்கப்படும் வரையில் முடிக்குரியவை என்றது. கண்டிப் பகுதியின் சேனை நிலங்களுக்கோ இன்னும் கடுமையான விதி. சன்னசு அல்லது கொடைச் சாசனம் காட்டி, எல்லையையும் நிரூபிக்கவேண்டும். அன்றேல் அத்தகைய நிலங்களுக்குரிய வழக்கமான வரியோ ஊழியமோ இருபது ஆண்டுக்குள் செலுத்தப்பட்டமையைக் காட்டவேண்டும். கண்டிப் பகுதியில் தோம்பு எழுதப்பட்டதில்லை என்பதை அச்சட்டமே அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்கிறது. யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் எழுதிய தோம்பு இருந்தது. பனங்காணி ஒன்றுக்கு உரிமை பேசுபவன் தோம்பைத் திறந்து பாட்டன் பெயரைக் காட்டலாம். தேசவழமையும் 1707இலேயே எழுத்துருப் பெற்றுவிட்டது. மாத்தளைக் குடியானவன் எதைத் திறப்பான்? அவன் ஏழெட்டு ஆண்டுக்கொருமுறை காடு வெட்டிக் குரக்கன் விதைத்த மலைச்சரிவுக்குச் சான்று அவனுடைய கையிலிருந்த கத்தியும் ஊராரின் நினைவுமே.

அந்நாளிற் கோப்பி வெறி மலைநாடெங்கும் பிடித்திருந்தது. முடிக்குரிய காட்டு நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது; 1844இலேதான் அது ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. சன்னசு வைத்திருந்த குடும்பங்கள் நீதிமன்றத்திலே அதனைக் காட்டித் தம் எல்லையை நிலைநாட்டிக் கொள்ளலாம்; வேண்டினால் வெள்ளைக்காரத் துரைமாருக்கே விற்கவும் செய்யலாம். ஏடில்லாதவர் தம் தந்தையார் சேனை செய்த நிலத்திலே அத்துமீறியோர் ஆனார்கள். அரசன் ஒப்பத்தைக் கள்ளமாக வரைந்த போலிச் சன்னசுகளும் அக்காலத்திற் கிளம்பின. புதிய ஓலையைப் புகையிலே கட்டிப் பழையதாக்கினர் என்பர். இதனைக் கேட்டு நகைப்பது எளிது. எழுத்தில்லாத உரிமைக்கு மதிப்பில்லை என்று சட்டம் சொன்னபின், எழுத்தை உண்டாக்க மனிதன் முயல்வதில் வியப்பென்ன?

1848 யூலை 26ஆம் திகதி தம்புள்ளையிலே கொங்காலேகொடை பண்டா முடிசூடினான். இரண்டு நாளில் வீரபுரன் அப்பு முதலானோருடன் கூட்டம் மாத்தளைக்குள் இறங்கிற்று. நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, தெருவுக்கு ஆண்டில் ஆறு நாள் வேலை அல்லது அதற்கீடான காசு என்று தேசாதிபதி தொறிங்டன் விதித்த சுமைகளை நம் மாணவர் பாடப்புத்தகத்திற் படித்திருப்பர். பாடப்புத்தகம் விரைந்து கடந்துபோகும் ஒரு செய்தியே நமக்கு முக்கியமானது. கூட்டத்தார் மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகள் சிலவற்றை அழித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் காகிதத்தின் மீது கைவைத்தது வெறும் மூர்க்கத்தனம் என்று அக்காலத்து ஆங்கிலேயர் கருதியிருக்கலாம். எனக்கோ அது அப்படித் தோன்றவில்லை. தங்கள் நிலத்தை எடுத்தது எதுவென்று அவர்களுக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது. ஆகஸ்டு 8ஆம் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். செப்டம்பரிலே எல்கடுவையில் அகப்பட்ட கொங்காலேகொடை பண்டா கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். இலண்டன் பாராளுமன்றத்திற் கேள்வி எழுந்து, தொறிங்டனும் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். சட்டம் மட்டும் இருந்தவாறே இருந்தது.

நிந்தகக் குடிகளின் பெயர் மீண்டும் ஏடேறியது 1870இலேதான். அவ்வாண்டின் 4ஆம் இலக்க ஊழியக் காணிக் கட்டளைச் சட்டப்படி அமைந்த ஆணையம், கண்டிப் பகுதி ஊர்களுக்குச் சென்று விசாரித்தது. பங்கின் பெயர், அதனை வைத்திருப்போர், விதைப்பளவு, செய்யவேண்டிய ஊழியம், அவ்வூழியத்துக்கு ஈடான காசு ஆகியன வரிசையாகப் பதியப்பட்டன. ஆண்டுப் பிறப்பிலே வெற்றிலையும் பலகாரமும் எண்ணெயும் கொண்டு பிரபுவைக் காணவேண்டும் என்பது முதல், இத்தனை நாள் மாளிகையிற் காவல் கிடக்கவேண்டும் என்பது வரையில் எல்லாவற்றுக்கும் விலை எழுதியாயிற்று. விரும்பிய குடியானவன் ஊழியத்துக்குப் பதிலாக அந்தக் காசைக் கட்டலாம். பத்தாண்டு தொடர்ந்து ஊழியமும் பெறாமல் காசும் வாங்காமல் விட்ட பிரபு உரிமையை இழப்பார் என்றும் சட்டம் கூறியது. அதன் பயனாகப் பிரபு குடும்பங்கள் தாமும் கணக்கேடு வைத்து, இன்னார் வந்தார், இன்னார் வரவில்லை என்று குறித்துவரும் நிலை உண்டாயிற்று. இந்தப் பதிவேட்டை வெறும் கடமைப் பட்டியல் என்று தள்ளிவிடலாகாது. பங்கின் பெயர் எளிதில் மாறுவதில்லை. வைத்திருப்பவர் மாறினாலும் என்றோ அங்கே வாழ்ந்த குடியின் பெயர் அதில் தங்கிவிடும். இன்றும் தன் குடிப்பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடும் மாத்தளைச் சிங்களக் குடும்பம் ஒன்றுக்கு இதைவிட நல்ல வாயில் இராது.

பிரபு குடும்பங்களின் பக்கத்தை அறிய விரும்புவோர் சேர் ஆச்சிபால்டு லோறி எழுதிய மத்திய மாகாண அகராதியைப் புரட்டவேண்டும். கண்டியில் நீதிபதியாக இருந்த லோறி, தம் முன்னே வந்த வழக்குகளிற் காட்டப்பட்ட சன்னசுகளையும் உறுதிகளையும் வம்ச வரலாறுகளையும் சேகரித்து, 1896இலும் 1898இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஊர்ப் பெயர்கள் அகரவரிசையில் வரும். வலப்பனை நீங்கலாக மாகாணம் முழுவதும் அதில் அடங்கும்; மாத்தளை ஊர்களும் அவ்வாறே. மூல ஓலை செல்லரித்துப் போன பல கொடைகளுக்கு இன்று அந்நூலே சான்று. நீதிபதியின் நூலாதலால் அதில் சண்டைக்கு வந்த நிலங்களே மிகுதி. சச்சரவின்றி வாழ்ந்த ஊரைப்பற்றி இரண்டு வரிதான் இருக்கும்!

சச்சரவுக்குப் பெரிய காரணம் கலியாணம். கண்டிச் சட்டத்தில் திக என்றும் பின்ன என்றும் மணம் இருவகை. கணவன் வீட்டுக்குச் செல்லும் திக மணத்துப் பெண் தந்தையின் காணியிற் பங்கை இழப்பாள். கணவனைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் பின்ன மணத்துப் பெண்ணுக்குப் பங்கு உண்டு. எனவே ஒரு பாட்டி எந்த வீட்டிலே குடியிருந்தாள் என்பதை நிறுவுவதற்கு நீதிமன்றத்திலே பல நாள் சாட்சி கேட்டனர். 1859இற் கண்டிய மணங்களைப் பதியும் சட்டம் வந்தது இவ்வழக்குகளுக்கும் ஒருவாறு உதவிற்று. சீதனக் காணி பற்றி யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமார் எழுதிக் குவித்த உறுதிகளை அறிந்த நேயர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி, இந்தக் காணிகளிலே நம் மக்கள் வந்து சேர்ந்த கதை. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியே மாத்தளைக்கு நடந்து வந்தோரில் வழியிலே மாண்டவர் ஏராளம். 1880இற் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை, கொக்கோ, இறப்பர் என மலை வேறு பச்சையை உடுத்தது. வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களில் மட்டுமன்றி உள்ளூர்ப் பிரபுக்களின் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர் லயங்களிற் குடியேறினர். இவர்களுக்குப் பங்கில்லை, பங்கின் பெயருமில்லை. இவர்களின் பெயர் நின்றது கணக்கப்பிள்ளையின் செக்றோலிலே. பேர் விழுந்தால் அன்றைக்குக் கூலி. இவர்களைக் கட்டிவைத்த இன்னொரு காகிதமும் உண்டு. அது துண்டு. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் அவனை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுப்பது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

செக்றோலிலே பெயர் விழுவது கூலிக்கு மட்டும் உதவும் என்றுதான் அம்மக்கள் எண்ணியிருப்பர். 1948இலும் 1949இலும் வந்த பிரசாவுரிமைச் சட்டங்களின் பின் நிலைமை வேறாயிற்று. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1840இற் சேனை செய்த சிங்களக் குடியானவனிடம் கேட்ட கேள்வியே நூறாண்டு கழித்து லயத்துத் தமிழனிடம் கேட்கப்பட்டது: எழுத்திலே காட்டு!

இங்கே ரத்வத்தைக் குடும்பம் மறுபடியும் நம் கதைக்குள் வருகிறது. 1815இல் ஒப்பமிட்ட மாத்தளைத் திசாவையின் வழித்தோன்றலே பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. 1964 அக்டோபரில் அவர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாருடன் செய்த உடன்படிக்கை, நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னைய பேச்சுக்கு விடப்பட்டனர். அவர்களின் நாடற்ற நிலை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. அதே பிரதமரின் அரசாங்கமே 1972இற் காணிச் சீர்திருத்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது. நெற்காணி 25 ஏக்கர், ஏனையது 50 ஏக்கர். அதற்கு மேலே தனியார் ஒருவர் வைத்திருக்கலாகாது. அதற்கு நான்காண்டு முன்னரே 1968இன் 30ஆம் இலக்க நிந்தகக் காணிகள் சட்டம் நிந்தக ஊழியத்தை ஒழித்திருந்தது. தம் வகுப்பாரின் காணியிலே தாமே கைவைத்த அம்மையாரின் துணிவை நான் மதிக்கிறேன். ஆயினும் அச்சட்டத்தின் கீழும், கம்பெனித் தோட்டங்களை எடுத்த 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழும் கைமாறிய தோட்டங்கள் பலவற்றிலே தமிழ்த் தொழிலாளர் வேலையும் லயமும் இழந்தனர். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பெயர்ந்து சென்ற குடும்பங்கள் பல. காணியைப் பகிர்ந்தளித்தபோது அதிலே தலைமுறையாக உழைத்தவர்களின் பெயர் பட்டியலில் இல்லாது போனதை எந்தச் சீர்திருத்தம் என்று சொல்வது?

எஞ்சியுள்ள லேகம் மிட்டிகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் காணலாம். உறுதிகள் காணிப் பதிவகத்தில் உள்ளன. ஆயினும் பிரபு குடும்பங்களின் சொந்தக் கணக்கேடுகள் பல வீட்டுப் பெட்டகங்களிலேயே கிடக்கின்றன. 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டப்படி புதிய உரித்துச் சான்றிதழ் கிடைத்தால், இனிப் பழைய ஓலை எதற்கு என்று எறிந்துவிடக் கூடும். தோட்டத்துச் செக்றோல்களின் கதி அதனினும் இரங்கத்தக்கது. பழைய கந்தோரிலே கறையான் அரித்தது போக எஞ்சியது விறகடுப்புக்குப் போகும். மாத்தளையிலே சிங்களமும் தமிழும் நன்கு படிக்கவல்ல மாணவர் இன்று பலர் இருக்கின்றனர். ஒரே மலைச்சரிவைப்பற்றிப் பங்குக்காரர் பெயருடன் 1870களில் எழுதிய பதிவேடும், அதன் பின்னர் அங்கே கொழுந்தெடுத்தோரின் பெயருடன் கணக்கப்பிள்ளை எழுதிய செக்றோலும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கத்தக்கவை.